மாமனாருக்கு மெக்னீசியம் கொடுத்த கதை

உடம்புக்கு ஒன்றும் இல்லாதவன்தான் ஊரிலேயே அதிகமாக மருந்து சாப்பிடுவான். நிஜமான நோயாளிக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. டாக்டர் எழுதிக்கொடுத்ததை விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். என்னைப் போல் கல்லுக்குண்டாக இருக்கிறவன்தான் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி, இன்றைக்கு எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று பார்ப்பான்.

கல்யாணத்துக்கு முன்பு நான் அப்படித்தான் இருந்தேன். முத்தியால்பேட்டையில் அம்மாவும் நானும் மட்டும் இருந்த வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்து அலமாரி முழுக்க என் டப்பாக்கள். மீன் எண்ணெய், துத்தநாகம், அகரவரிசையில் வைட்டமின்கள். (சாமிக்குக் கற்பூரம் காட்டும்போது அம்மா அந்தப் பக்கமும் ஒரு சுற்று காட்டுவாள். பக்தியெல்லாம் இல்லை, நக்கல்.) ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் 'சத்துமாவு'. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் முழங்கால் 'டக்'கென்று ஒரு சத்தம் போடும். எல்லோருடைய முழங்காலும் போடுகிற சத்தம்தான். ஆனால் போனில் வரும் ஒரு வீடியோ டாக்டர் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்.

அவர் பேச்சைக் கேட்டால் நாம் இத்தனை நாள் உயிரோடு இருந்ததே தப்பு என்று தோன்றும். தூக்கம் வரவில்லையா, மெக்னீசியம். சதை பிடித்துக்கொள்கிறதா, மெக்னீசியம். மேலதிகாரியைப் பார்த்தால் படபடக்கிறதா, அதற்கும் மெக்னீசியம். அதோடு டாரின் என்று ஒன்று சேர்ந்துவிட்டால் இதயம், மூளை, கண் எல்லாமே புதுசு போட்டதுபோல் ஆகிவிடுமாம். முதன்முதலில் காளைமாட்டின் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்ததால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து அதற்கு டாரின் என்று பெயர் வந்ததாம். இந்தத் தகவலை நான் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன்.

"மாட்டுப் பித்தமா? மொதல்ல அத சாமி பக்கத்துலேர்ந்து எறக்குடா!" என்றாள் அம்மா.

இப்போது தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள், மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். பெயர் மாட்டுப் பெயர்தானே என்றாள். டாரின் அன்று முதல் பீரோவுக்கு மேலே குடியேறியது.

இந்த நிலையில்தான் எனக்கு அரசியின் ஜாதகம் வந்தது.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் கிராமம். அரசி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா கலியபெருமாள் இளவயதில் கடலுக்குப் போனவர். பிறகு ஐஸ் பெட்டி வைத்த வண்டி வாங்கி, மீன் ஏற்றி அனுப்பும் தொழிலில் நிலைத்தவர். ஆள் நல்ல உயரம். மீசை அவரைவிட ஒரு அடி முன்னால் நடக்கும். பெண் பார்க்கப் போன அன்று அரசி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நேராக என் எதிரிலேயே உட்கார்ந்து, "எங்க வேல செய்றீங்க, எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொன்னதில் ஏதோ உளறல் இருந்திருக்க வேண்டும், சிரித்தாள். அவ்வளவுதான். வீடு திரும்பும்போது பஸ்ஸில் நான் அம்மாவிடம், கல்யாணம் என்றால் இந்தப் பெண்தான் என்று சொல்லிவிட்டேன்.

அரசிக்கும் சம்மதம் என்று தரகர் மூலம் தெரிந்தது. இழுத்துக்கொண்டிருந்தது கலியபெருமாள்தான். காரணம், பிரான்சு.

புதுச்சேரியில் கல்யாணப் பேச்சில் அடிபட்டவர்களுக்கு இது புரியும். எத்தனை படித்திருந்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், எதிரில் ஒரு பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை வந்து நின்றால் நாமெல்லாம் உப்புமாதான். அரசியின் அத்தை வாழ்க்கைப்பட்டுப் போனது அப்படி ஒரு குடும்பத்தில். அத்தை மகன் பாரீஸ் பக்கம் வேலையில் இருந்தான். முறைமாப்பிள்ளை வேறு. ஒவ்வொரு ஜூலையிலும் வாசனைப் பவுடரும் சாக்லெட்டுமாக வந்து இறங்குவான். நானோ முத்தியால்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கியவன்.

கலியபெருமாள் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். அதை நான் நாள் முழுக்க நினைத்துக் கவலைப்பட்டேன். தம்பி என்பது கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லிக் கூப்பிடுகிற வார்த்தை. அது 'மாப்ள' ஆக வேண்டும். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருமா என்பதில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அவரை மாமா என்று கூப்பிட முடியுமா? "அவுங்க வாய்லேர்ந்து வராம நீயா ஒறவு கொண்டாடாத" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் அவரிடம் பேசும்போதெல்லாம் நான் "வந்து... வந்து..." என்றே ஆரம்பித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் முறை வரச் சொன்னார். "சாப்டுட்டு, அப்டியே போட்டுல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று அழைப்பு.

படகில் ரவுண்டு என்பது சும்மா இல்லை என்று தரகர்தான் எச்சரித்தார். கலியபெருமாள் வண்டிக்கு டிரைவர் வைத்தாலும் சரி, தொழிலில் கூட்டு சேர்ந்தாலும் சரி, முதலில் ஆளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் முகத்துவாரத்தைக் காட்டிவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். படகில் ஒருத்தன் உட்காருகிற விதத்திலேயே அவன் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். நெளிகிறவன், எழுந்து எழுந்து நிற்கிறவன், எப்போது கரைக்குப் போவோம் என்று கேட்கிறவன், மூன்று பேரும் ஆகாதவர்கள். அத்தை மகனையும் ஏற்றிப் பார்த்திருக்கிறார். அவன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தானாம். (போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான் என்று பிறகு அரசி சொன்னாள்.)

உட்காருவதுதானே, ஆபீஸில் அதைத்தானே செய்கிறோம் என்று நான் தைரியமாக இருந்தேன். இருந்தாலும் பிரான்சை எதிர்த்து நிற்க ஏதாவது ஒரு ஆயுதம் வேண்டாமா? முதல் முறை போனபோது அவர் மனைவி, "இவருக்கு நைட்டானா கெண்டக்கால் சத புடிச்சிக்குது, வீடே எழுந்துக்குற மாதிரி கத்துறாரு" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. எனக்கு அப்போதே உடம்பெல்லாம் சிலிர்த்தது. சதைப் பிடிப்பு! என் பாடம்! பழமும் பூவும் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் டாரினும் மெக்னீசியமும் கலந்த எலுமிச்சைச் சுவைத் தூள் ஒரு பெரிய டப்பா வரவழைத்தேன். அதுவரை நான் சாப்பிட்டதெல்லாம் மாத்திரைதான், தூள் எனக்கும் புதிது. விலையைச் சொல்லமாட்டேன், அம்மா இதைப் படிப்பாள்.

அன்று காலையில் அம்மாவோடு போய் இறங்கினேன். அவர்கள் வீட்டில் இட்லி, வடை, மீன் குழம்பு என்று பலமான உபசாரம். சாப்பிட்டு முடித்ததும் நான் டப்பாவை எடுத்து நடுக்கூடத்தில் வைத்து என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். தசைகள் தளர்வதற்கு மெக்னீசியம் எப்படி உதவுகிறது, டாரின் எப்படிக் கூட நின்று ஒத்தாசை செய்கிறது, மேலை நாடுகளில் இது இல்லாமல் யாரும் தூங்கப் போவதே இல்லை என்றெல்லாம் பொழிந்தேன். கலியபெருமாள் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த டாரினு எதுல கெடைக்குது தம்பி?"

"வந்து... இயற்கையா மீன்ல இருக்குதுங்க. கணவா, மட்டி, சிப்பி... அதுலல்லாம் நெறைய இருக்குது."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கணவாய்த் தொக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மெக்னீசியம்?" என்று கேட்டாள் அரசி. குரலில் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"முருங்கக்கீர, எள்ளு, வேர்க்கடல..." என்று இழுத்தேன். நிலைமை கை மீறுவது புரிந்து, "ஆனா சாப்பாட்டுல கெடைக்கிறது பத்தாதுங்க" என்று முடித்தேன்.

கலியபெருமாள் பெரிய மனிதர். வந்த விருந்தாளி ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. "சரி, கலக்குங்க. குடிச்சிதான் பாப்பமே" என்றார். நான் டப்பாவைத் திறந்தேன். மேலே வெள்ளை வெளேரென்று தூள். அளந்து போட ஒன்றும் காணோம்.

"உள்ள சின்னதா ஒரு ஸ்கூப் இருக்குமே, பாத்தீங்களா?" என்றாள் அரசி.

"வெளிநாட்டு கம்பெனிங்க அதெல்லாம் வைக்கிறதில்ல" என்றேன் நான், அந்தக் கம்பெனியின் பங்குதாரர் மாதிரி.

"அப்ப எவ்ளோ போடணும்னு எப்டித் தெரியும்?"

"ரெண்டு ஸ்பூன்" என்றேன். டப்பாவில் 'ஸ்கூப்' என்றுதான் போட்டிருந்தது, அதுவும் ஒன்றுதான். ஸ்பூனும் ஸ்கூப்பும் அண்ணன் தம்பிதானே என்று நினைத்தேன். ஒன்றை இரண்டாக்கியது, கலியபெருமாளின் உயரத்தைப் பார்த்து நானே செய்த மருத்துவ முடிவு.

அவர் மனைவி கையில் கிடைத்த கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஸ்பூன் அல்ல. மீன் குழம்புக்கு மிளகாய்த்தூள் அள்ளிப் போடும் குழிக்கரண்டி. நான் குவியலாக இரண்டு கரண்டி அள்ளி ஒரு பெரிய டம்ளரில் போட்டுக் கலக்கினேன். புஸ்ஸென்று நுரைத்து அடங்கியது. டம்ளரை வாங்கிய கலியபெருமாள் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க தம்பி. வூட்டுக்கு வந்தவங்கள ஒக்கார வெச்சிட்டு நான் மட்டும் தனியா குடிச்சா நல்லாவா இருக்கும்?"

நான் காலையிலேயே வீட்டில் ஒரு மெக்னீசியம் மாத்திரை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமனாராகப் போகிறவர் முதன்முதலாகச் சேர்ந்து குடிக்கக் கூப்பிடுகிறார். (மெக்னீசியம்தான், இருந்தாலும்!) அதே கரண்டி, அதே இரண்டு. டம்ளரோடு டம்ளர் இடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தோம்.

"நல்லாத்தான் கீது. எலுமிச்ச ஜூஸ் மாதிரி" என்றார். எனக்குப் பாரீஸ் தோற்றுவிட்டது போல் இருந்தது.

நோணாங்குப்பத்து உப்பங்கழியில் அவருக்குத் தெரிந்த சேகர் என்பவரின் படகு. கரையிலேயே சேகரின் வீடு, பக்கத்தில் அவர் தங்கச்சி வீடு. மோட்டார் வைத்த படகில் நாங்கள் ஏறினோம். முன்னால் கலியபெருமாள், அவருக்கு எதிரே நான், பின்னால் அம்மாவும் அரசியும் அவள் அம்மாவும். சேகர் எஞ்சினை இழுத்துவிட்டார். நான் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்கால்மேல் வைத்து, சாமி சிலை மாதிரி உட்கார்ந்தேன். இருபக்கமும் சுரபுன்னைப் புதர்கள், வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், தூரத்தில் கடல் இரைச்சல். ஜென்மத்துக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன். வயிற்றில் அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

முதலில் மரியாதையான தட்டல்தான். வடையாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் தட்டியவர் காலால் உதைக்க ஆரம்பித்தார். எனக்கு நெற்றியில் வியர்த்தது. கலியபெருமாளைப் பார்த்தேன். அவருக்கும் வியர்த்திருந்தது. கடல்காற்று அடிக்கிற இடத்தில் ஏன் எங்கள் இருவருக்கு மட்டும் வியர்க்கிறது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். "சேகரு, எஞ்சின நிறுத்து" என்றார். என் பக்கம் திரும்பி, "இந்த எடத்துல ஒரு அமைதி இருக்கும் பாருங்க தம்பி. நல்லா கேளுங்க" என்றார். குரலில் வழக்கமான கம்பீரம் இல்லை.

எஞ்சின் நின்றது. உலகமே நின்றது. அந்தத் தெய்விகமான அமைதியில் என் வயிற்றிலிருந்து 'குர்ர்ர்ர்ர்' என்று ஒரு நீண்ட ஒலி கிளம்பி, தண்ணீரில் பட்டு எதிரொலித்தது.

"என்னாது அது?" என்றாள் அம்மா.

"கொக்கா இருக்கும்" என்றார் அரசியின் அம்மா.

அந்தக் கொக்குக்குப் பதில் சொல்வதுபோல் எதிர்ப்பக்கத்திலிருந்து, இன்னும் கனத்த குரலில், 'குர்ர்ர்ர்ர்' என்று இன்னொன்று. அது கலியபெருமாளிடமிருந்து வந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன செய்ய? அவர் பெண் வீட்டுக்காரர். பெண் கொடுக்கப் போகும் இடத்துத் தாயார் முன்னால், 'எனக்கு வயிறு சரியில்லை' என்று எப்படிச் சொல்வார்? அதுவும் கடலிலேயே வளர்ந்த மனிதர், கரைக்குப் போகலாம் என்று கேட்கிறவன் ஆகாதவன் என்று ஊருக்கே சட்டம் போட்டவர். நானோ பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவன். பேப்பரைப் பாதியில் கொடுத்துவிட்டு எழுந்தால் கதை முடிந்தது. எனவே இருவரும் நெளியாமல் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு கஷ்டத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

கடைசியில் அவர்தான் வானத்தைப் பார்த்தார். "சேகரு, காத்து மாறுது போலக்கீதே. திரும்பிடலாமா?"

சேகர் ஒரு விரலை நனைத்துக் காற்றில் நீட்டினார். "காத்தே இல்லியேண்ணே! குளம் மாதிரி கீது. வாங்க, பீச்சுல எறங்கி ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வரலாம்."

ஒரு மணி நேரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் இருட்டியது. "மழ வர்ற மாதிரி இருக்குதே!" என்று கத்தினேன். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஆமாமா, மழ வரும்" என்றார் கலியபெருமாள் உடனே. "எனக்கும் கெழக்கால கறுக்குற மாதிரி தெரியுது."

"உங்களுக்கு இன்னா ஆச்சி?" என்றார் அவர் மனைவி.

அப்போது அரசி பேசினாள். "சேகர் மாமா, எனக்கு தல சுத்துது. கரைக்கு உடுங்க."

எஞ்சின் உறுமியது. கலியபெருமாள் தன் மகளை நன்றியோடு பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். நானும் பார்த்தேன். அவளுக்குத் தலையும் சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பாரீஸுக்கு அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று அந்த அவஸ்தையிலும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த வழியைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். படகு கரையைத் தொட்டதோ இல்லையோ, கலியபெருமாள் ஒரு தாவு தாவினார். நான் பின்னாலேயே தாவினேன். பெரியவர்களுக்கு முன்னால் ஓடக்கூடாது என்பதால் இருவரும் வேக நடை நடந்தோம். வேகமாகவும் நடக்கவேண்டும், முழங்காலும் சேர்ந்தே இருக்கவேண்டும். அது எப்படிப்பட்ட நடை என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். சேகர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நீலக் கதவு போட்ட ஒரே ஒரு கழிப்பறை. இருவரும் ஒரே நேரத்தில் அதன் முன்னால் போய் நின்றோம்.

உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் அங்கே ஒரு தள்ளுமுள்ளு நடந்திருக்கும். ஆனால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க போங்க தம்பி. நீங்க விருந்தாளி."

"ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க போங்க."

"இல்லல்ல. வூட்டுக்கு வந்தவங்க மொதல்ல."

"வேணாங்க. நீங்க மொதல்ல."

வியர்வை அவர் மீசையிலிருந்து சொட்டியது. இன்னொரு முறை அவர் 'நீங்க' என்று ஆரம்பித்திருந்தால் நான் போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன். அதற்குள் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. "மாமா! ஒங்க கால்ல உழுறேன், உள்ள போங்க மாமா!"

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அம்மா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் வாயிலிருந்து வராமல் நானாக உறவு கொண்டாடிவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. வயிறும் போகப்போகிறது, பெண்ணும் போகப்போகிறாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது நீலக் கதவுக்கு உள்ளேயிருந்து, பெரும் பாரம் இறங்கிய ஒரு மனிதரின் குரல், கொல்லை முழுவதும் கேட்கும்படி வந்தது.

"மாப்ள!"

நான் சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, கேக்குதா? இந்த நேரத்துல கூட உட்டுக்கொடுக்குற மனுஷன நான் பாத்ததேயில்ல. பொண்ணு ஒங்களுக்குத்தான்! போய் ஒங்க அம்மாகிட்ட சொல்லுங்க!"

ஊருக்கெல்லாம் நிச்சயதார்த்தத்தில் சம்மதம் சொல்வார்கள், தட்டு மாற்றிச் சொல்வார்கள். எனக்கு உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். ஆனந்தத்தில் துள்ளியிருப்பேன். துள்ளக்கூடாத நேரம்.

"இங்க! இங்க வாங்க!" என்று ஒரு குரல். பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப்பக்கம் அரசி நின்றிருந்தாள். சேகரின் தங்கச்சியிடம் சொல்லி அவர்கள் வீட்டுக் கழிப்பறையைத் திறக்க வைத்து, கையில் ஒரு சிவப்பு வாளி நிறையத் தண்ணீரோடு நின்றாள். நாங்கள் நீலக் கதவு முன்னால் 'நீங்க, நீங்க' என்று நின்ற நேரத்தில் அவள்தான் ஓடியிருக்கிறாள். நான் அவளைக் கடந்து போனபோது மெதுவாகச் சொன்னாள்:

"ஸ்கூப் டப்பாவுக்கு அடியில புதஞ்சிருக்கும். நான் அப்பவே சொல்ல வந்தேன்."

சிலருக்குக் காதல் ரோஜாப்பூவில் ஆரம்பிக்கும். எனக்கு அந்தச் சிவப்பு வாளியில்தான் ஆரம்பித்தது. அன்று சாயங்காலம்வரை மாமாவும் நானும் இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கும் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தோம். இடையில் வாசலில் சந்திக்கும்போதெல்லாம் அவர் 'மாப்ள' என்பார், நான் 'மாமா' என்பேன். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் திகட்டவில்லை. அரசியின் அம்மா சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டு, ஆளுக்கொரு சொம்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கணவாய்த் தொக்கை அம்மாவும் அரசியும் சேகர் குடும்பமுமாக வழித்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனோம். டாக்டர் டப்பாவையும் குழிக்கரண்டியையும் (அரசியின் அம்மா, இனி எனக்கு அத்தை, அதையும் பையில் போட்டு அனுப்பியிருந்தார்) மாறி மாறிப் பார்த்தார். "பேதி மருந்துக்குக் கொடுக்குற அளவு சார் இது" என்றார். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர் யாராவது குடித்திருந்தால் விபரீதமாகியிருக்கும், அடுத்தவருக்கு வைத்தியம் பார்க்கும் வேலையை அத்தோடு விட்டுவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாமாவின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஒழுங்காகக் குடியுங்கள், படுக்கும் முன் காலை நீட்டி மடக்குங்கள், வலி குறையாவிட்டால் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார். மெக்னீசியம் கெட்டதில்லை, டாரினும் கெட்டதில்லை, குறைவு இருக்கிறவருக்குக் குறைகிற அளவு போதும் என்பது அவர் கட்சி. அதை நான் இன்று வரை மீறியதில்லை. என் அலமாரியில் இப்போது சாமி படங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

டப்பாவை அத்தை தூக்கிப் போடவில்லை. நல்ல கெட்டியான டப்பாவை எந்த வீட்டில் தூக்கிப் போடுவார்கள்? தூளைக் கொட்டிக் கழுவும்போது அடியிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்கூப் வந்து விழுந்திருக்கிறது. டப்பாவில் இன்றும் அவர்கள் வீட்டு மிளகாய்த்தூள். ஸ்கூப் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. எப்படி என்றால், கல்யாணத்தில் பெண் வீட்டார் வரிசைத் தட்டு கொண்டுவந்தார்களே, பழத்தட்டு, பலகாரத்தட்டு, புடவைத்தட்டு, அதற்கெல்லாம் நடுவில் ஒரு வெள்ளித்தட்டில் வெற்றிலை விரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த ஸ்கூப். மாமாவே தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேளத்தோடு வந்தார். போட்டோகிராபர் அதைத் தாலி என்று நினைத்து நாலு படம் எடுத்துவிட்டான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பாரீஸ் அத்தை மகனும் வந்திருந்தான். தங்கமான பையன். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வாழ்த்தினான். (அவர்கள் ஊர் வழக்கம், நான்தான் நெளிந்துவிட்டேன்.) பிறகு மாமாவிடம் ஒரு பெரிய பையைக் கொடுத்தான். சோப்பு, சென்ட், சாக்லெட் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மாத்திரைப் பெட்டி.

"இது என்னாப்பா?" என்றார் மாமா.

"மெக்னீசியம் மாமா! அங்கல்லாம் டயர்டா இருந்தா எல்லாரும் இதான் போடுவாங்க. ஒங்க காலுக்கு ரொம்ப நல்லது!"

பந்தலில் எங்கள் பக்கம் இருந்த அத்தனை பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மணமேடையில் உட்கார்ந்திருந்த என் முன்னால் நீட்டினார்.

"நீங்க மொதல்ல, மாப்ள."

இன்று வரை எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் யாருக்கும் வழி விட்டதில்லை, அந்த வார்த்தையைச் சொல்லாமல். பந்தியில் கை கழுவும் இடத்தில், பஸ் படிக்கட்டில், கோயில் பிராகாரத்தில், எங்கே மாமாவும் நானும் நேருக்கு நேர் வந்தாலும் சரி, அவர் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க மாப்ள" என்பார். நான் விடுவேனா? "நீங்க பெரியவங்க, நீங்க போங்க மாமா" என்பேன். போன வாரம் எங்கள் வீட்டில் கரண்ட் போய் மோட்டார் ஓடாமல் தண்ணீர் நின்ற நேரம். மாமா வந்திருந்தார். இருவரும் கழிப்பறைக் கதவு முன்னால் நின்று இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து அரசி ஒரு சிவப்பு வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.